தலையாட்டினால் போதுமா? டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வது சிகிச்சையை எப்படி மாற்றுகிறது

சர்க்கரைக்கோ பிபிக்கோ வைத்தியம் பார்க்கிறோம் என்றால் உடனே நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிதான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறோம். அதிகம் போனால் ஐந்து நிமிடம். மற்ற நாட்களில் எல்லாம் மாத்திரையை எடுத்துப் போடுவது, சோற்றின் அளவைக் குறைப்பது, பாதத்தில் புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது, இன்சுலின் குத்திக்கொள்வது எல்லாமே நாம்தான். இந்த மாதிரி ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் நோய்களில் வைத்தியத்தின் பெரும்பகுதியைச் செய்பவர் நோயாளி. டாக்டர் வழியைச் சொல்லி அனுப்புகிறார், நடப்பது இவர்.

நோயாளியின் பங்கேற்பு என்று மருத்துவ உலகில் சொல்வது இதைத்தான். டாக்டர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டு நடப்பது என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அதுவல்ல. தனக்கு என்ன நோய், இந்த மாத்திரை எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். தன்னால் எது முடியும், எது முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரோடு சேர்ந்து ஒரு வழியைப் பிடித்து, அதை வீட்டில் தானே நடத்திக்கொள்ள வேண்டும். இதற்கு டாக்டரின் பேச்சு பெரிய அளவில் உதவுகிறது, அல்லது கெடுக்கிறது. எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2003-இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. வசதியான நாடுகளில்கூட நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றது அது. நம் ஊர் நிலவரம் இன்னும் மோசம். தமிழகத்தில் 2020-இல் நடந்த தொற்றா நோய்கள் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் இதில் நிறையப் பேர், உண்மைதான். ஆனால் தெரிந்து, சீட்டு போட்டு, மாத்திரையை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களும் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். அப்புறம் எங்கே இடிக்கிறது?

"ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்பது எல்லோருக்கும் சுலபமாக வருகிற பதில். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. காலை ஆறு மணிக்கே வந்து ஓ.பி. சீட்டு வாங்கி, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரை அக்கறை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஒரு உதாரணத்தை வைத்துப் பேசுவோம். கற்பனைதான், ஆனால் எந்த ஊர் ஓ.பி. வரிசையிலும் இப்படி ஒருவர் இருப்பார். 52 வயது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு பஸ் ஓட்டுகிறார். பிபிக்கு இரண்டு மாத்திரை. அதில் ஒன்று, உடம்பில் உள்ள கூடுதல் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் வகை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் சார்."

"உப்பைக் குறைச்சீங்களா?"

"குறைச்சிட்டேன் சார்."

"பிபி 160 இருக்கே. இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதுறேன். அடுத்த மாசம் வாங்க."

"சரிங்க சார்."

இதில் டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், நோயாளி பதிலும் சொல்லிவிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. நடந்தது என்னவென்றால், டூட்டி நாளில் அந்த மாத்திரையை அவர் தொடுவதே இல்லை. போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியை எங்கே நிறுத்துவது? இதை அவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் திட்டு விழும். போன தடவை பக்கத்தில் இருந்தவருக்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள் வேறு.

டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை என்பதுதான். அதனால் மூன்றாவதைச் சேர்க்கிறார். லீவு நாளில் நல்ல பிள்ளையாக மூன்றையும் ஒன்றாகப் போடுகிறார் நம் டிரைவர். பிபி சட்டென்று இறங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலை" என்று முடிவு கட்டி மூன்றையும் நிறுத்திவிடுகிறார். மருந்தில் தப்பில்லை. நோயாளி உண்மையைச் சொல்ல முடியாமல் போன அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது.

அதே டிரைவர், வேறொரு டாக்டர்:

"அண்ணே, தினமும் மாத்திரை போடுறது லேசான காரியம் இல்ல. நிறையப் பேருக்கு நடுவுல விட்டுப்போகுது. உங்களுக்குப் போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"நாலு நாள் இருக்கும் சார்."

"ரெண்டு மாத்திரையுமா?"

"இல்ல சார், அந்த சின்ன வெள்ளை மாத்திரை மட்டும். போட்டா ஒண்ணுக்கு வந்துட்டே இருக்கு. வண்டியில இருக்கும்போது என்ன பண்றது?"

"அதான் விஷயமா? டூட்டி எத்தனை மணிக்கு முடியுது?"

இனி வழி கிடைத்துவிடும். மாத்திரை போடும் நேரத்தை மாற்றலாம், அல்லது அந்த மருந்துக்குப் பதில் வேறு வகையைக் கொடுக்கலாம். புது மாத்திரை தேவைப்படாமலேகூட போகலாம். இதற்கு ஆன கூடுதல் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

இரண்டாவது டாக்டர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். விட்டுப்போவது சகஜம் என்று முதலில் தானே சொல்லிவிட்டார். அதனால் ஒப்புக்கொள்வதில் இருந்த வெட்கம் போய்விட்டது. அடுத்து, "போடுறீங்களா" என்று கேட்காமல் "எத்தனை நாள்" என்று கேட்டார். முதல் கேள்விக்கு "ஆமாம்" என்பதைத் தவிர மரியாதையான பதிலே கிடையாது. இரண்டாவதற்கு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, பதில் வந்ததும் அவர் முகம் மாறவில்லை. "ஏன் இப்படிப் பண்றீங்க" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், அடுத்த மாதத்திலிருந்து பழையபடி "போடுறேன் சார்" தான்.

டாக்டரைச் சமாளிக்கும் கலை நம் ஆட்களுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னாலிருந்து சோற்றை நிறுத்திவிட்டு, இரவில் கோதுமை தோசை, காலையில் வாக்கிங் என்று இருந்துவிட்டு, சுகர் நன்றாக இருக்கிறது என்று பெயர் வாங்கி, திரும்பும் வழியிலேயே புரோட்டா சாப்பிடுகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் வந்த பிறகு இது பலிப்பதில்லை. சிரிப்பு வந்தாலும், இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இவர் டாக்டருக்காக சுகரைக் குறைக்கிறார், தனக்காக அல்ல. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பையனும் இவரும் ஒன்று. டாக்டரைப் பார்த்து பயம் இருக்கும் வரை இப்படித்தான் நடக்கும்.

நேரம் இல்லை என்பது உண்மையா?

டாக்டர்களிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "நூறு பேர் காத்திருக்காங்க, எங்கே பேசுறது?" என்பது. நியாயம்தான். 67 நாடுகளின் நிலவரத்தைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது, பங்களாதேஷில் 48 விநாடி. இந்தியாவுக்கு அதில் இருந்தது சுமார் 2 நிமிடம். இந்தக் கூட்டத்தில் ஒரு டாக்டரைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் நேரம் தாராளமாக இருக்கும் ஊர்களில் மட்டும் என்ன வாழ்கிறது? அமெரிக்காவில் 1984-இல் டாக்டர்களின் அறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார், அதுவும் சராசரியாக. முழுதாகச் சொல்லி முடிக்க வாய்த்தவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில் அது 11 விநாடியாகக் குறைந்திருந்தது.

சரி, குறுக்கிடாமல் விட்டால் நோயாளி பேசிக்கொண்டே இருப்பாரா? டாக்டர்களின் பயம் அதுதான். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டாக்டர்களிடம் வாயைத் திறக்காமல் கேட்கச் சொல்லி, நோயாளிகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று ரகசியமாக நேரம் எடுத்தார்கள். 335 நோயாளிகள். சராசரி 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே முடித்துக்கொண்டார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வு இது. கொடுக்க முடியாத நேரமாக இது எனக்குத் தோன்றவில்லை. புது நோயாளிக்காவது கொடுக்கலாம்.

கேட்கும் விதத்தை மாற்றினாலே கொஞ்சம் பலன் கிடைக்கிறது. நமக்கெல்லாம் பழக்கமான காட்சி இது: எல்லாம் முடிந்து சீட்டைக் கையில் வாங்கி, செருப்பை மாட்டப் போகும்போதுதான் "சார், இன்னொண்ணு... நடந்தா நெஞ்சு லேசா அடைக்குது" என்பார் நோயாளி. சொல்ல வந்த முக்கியமான விஷயமே அதுவாக இருக்கும். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "வேற என்னெல்லாம் சொல்லணும்னு நினைச்சு வந்தீங்க?" என்று ஆரம்பத்திலேயே கேட்டால் பட்டியல் வந்துவிடும். அமெரிக்காவில் 2007-இல் இதேபோல ஒரு பரிசோதனை செய்தார்கள். "ஆமாம்" என்று சொல்ல இடம் கொடுக்கும் விதத்தில் கேள்வியைக் கேட்டபோது, சொல்லாமலேயே விடுபடும் குறைகள் 78 சதவீதம் குறைந்தன. அதனால் டாக்டர் நோயாளியைப் பார்க்கும் நேரம் நீளவும் இல்லை.

சொன்னது போய்ச் சேர்ந்ததா

இது வரை நோயாளி பேசுவதைப் பார்த்தோம். டாக்டர் பேசுவதில் இருக்கும் சிக்கல் வேறு. ஆஸ்பத்திரியில் கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகளுக்கு உடனடியாக மறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நினைவிருப்பதாக நினைப்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக இருக்கிறதாம். பயம் இதற்கு ஒரு காரணம். "உங்களுக்குச் சுகர் இருக்கு" என்ற வாக்கியத்துக்குப் பிறகு டாக்டர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. மனசு அப்போது மகள் கல்யாணத்தில் இருக்கும்.

சீட்டில் எழுதுவதோ தனி மொழி. 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. பழகியவருக்குப் புரியும். முதல் தடவை பார்ப்பவர் என்ன செய்வார்? அதனால்தான் பார்மசிஸ்ட் கவரில் கோடு போட்டுக் கொடுக்கிறார், அட்டையை மூலையில் கத்தரித்து அடையாளம் காட்டுகிறார். "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்பதும் அவ்வளவு தெளிவான சொல் அல்ல. சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லியிருப்பார்கள். ஒரு அம்மா ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, நூறு நாள் வேலைக்குக் கிளம்பி, பதினோரு மணிக்குத்தான் கஞ்சி குடிப்பார். நடுவில் சுகர் இறங்கி, வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். சொன்னபடியேதான் செய்தார் அவர், பாவம். போட்டவுடன் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் போடக்கூடாது என்பது மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: சொன்னதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. "புரிஞ்சுதா?" என்று கேட்பதால் பயனில்லை. யாரும் புரியவில்லை என்று சொல்லப் போவதில்லை. "வீட்டுக்குப் போனதும் உங்க மருமகள் கேட்பாங்க இல்ல, டாக்டர் என்ன சொன்னாருன்னு? என்ன சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்கம்மா, நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கிறேன்" என்று கேட்கலாம். பரீட்சை தனக்குத்தான், நோயாளிக்கு இல்லை என்ற தொனியில் கேட்பதுதான் இதில் சூட்சுமம். அந்த அம்மா "காலையில எழுந்ததும் ஒண்ணு போடணும்" என்று சொன்னால், எங்கே தவறியது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோவின் அரசுப் பொது மருத்துவமனையில், அதிகம் படிக்காத சர்க்கரை நோயாளிகளிடம் டாக்டர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்து 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக ஒன்றைச் சொன்ன சந்திப்புகளில், ஐந்தில் ஒன்றில்தான் அது புரிந்ததா என்று டாக்டர் சரிபார்த்தார். அப்படிச் சரிபார்த்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சுகர் கட்டுப்பாடு மேலாக இருந்தது. இப்படிச் சரிபார்ப்பதால் சந்திப்பின் நேரமும் கூடிவிடவில்லை.

பயமுறுத்தினால் கேட்பார்களா?

நம் ஊரில் அதிகம் புழங்கும் ஆயுதம் பயமுறுத்தல்தான். "இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்", "கிட்னி போயிடும்", "மாத்திரை ஒழுங்கா போடலைன்னா இன்சுலின்தான்". அக்கறையில் சொல்வதுதான், சந்தேகமில்லை. கடைசியில் சொன்ன மிரட்டலை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்து வருடம் இன்சுலினைத் தண்டனையாகக் காட்டிப் பேசியிருப்பார்கள். சர்க்கரை நோய் நாளாக நாளாக, உடம்பு இன்சுலின் சுரப்பது குறைந்துகொண்டே வருவது பலருக்கும் இயல்பு. ஒழுங்காக இருந்தவருக்கும் ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படலாம். அந்த நாளில் "ஊசி போடுங்க" என்றால், "அப்போ என் கதை முடிஞ்சுதா டாக்டர்?" என்கிறார் நோயாளி. ஊசியை வேண்டாம் என்று ஓடி, யாரோ சொன்ன சூரணத்தில் போய் விழுகிறார். மிரட்டல் வேலை செய்யத்தான் செய்தது, தேவைப்படாத திசையில்.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிநோயாளிகளோடு வேலை செய்தவர். அவர் 1983-இல் ஒரு முறையை எழுதினார். பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். அதன் அடிப்படை எளிதானது. மாற வேண்டும் என்ற ஆசை, மாற வேண்டாம் என்ற எண்ணம் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும். நீங்கள் "விடு, விடு" என்று அழுத்தினால் அவர் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடுவார், தன் வாதத்தைத் தானே நம்பவும் செய்வார். அதனால் மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்படி கேள்வி கேளுங்கள் என்பதுதான் அந்த முறை. இப்போது குடியைத் தாண்டி சர்க்கரை, புகை, உடல் எடை என்று பல இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பீடியை விடச் சொல்வதற்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "பீடி பிடிச்சா செத்துப்போவீங்க" என்றால், "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பிடிச்சாரு" என்று பதில் தயாராக இருக்கும். "பீடியால உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "பேத்தி பக்கத்துல வர மாட்டேங்குது, நாத்தம்னு சொல்லுது" என்பார். டாக்டர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "பேத்தி பக்கத்துல வரணும்னா எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" காலில் ரத்தக்குழாய் அடைக்கும் என்ற விளக்கத்தைவிட பேத்தி பெரிய காரணம் அவருக்கு. டாக்டர் எவ்வளவு படித்திருந்தாலும் அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லா இடத்திலும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நெஞ்சு வலியோடு ஆம்புலன்சில் வந்தவரிடம் "உங்கள் விருப்பம் என்ன" என்று உட்கார்ந்து பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேல் வழி இருக்கும் இடங்கள் நிறைய. முழங்கால் தேய்மானத்துக்கு இப்போதே ஆபரேஷனா, பிசியோதெரபி செய்து பார்த்துவிட்டா? விலை குறைந்த பழைய மாத்திரையா, விலை கூடிய புதியதா? இங்கெல்லாம் எது நல்லது என்பது டாக்டருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி எவ்வளவு, மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், ஆபரேஷனுக்குப் பின் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்பதெல்லாம் நோயாளிக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்ததை வைத்து முடிவெடுத்தால், அந்த முடிவை நோயாளி பாதியில் கைவிடுவது குறையும். தானும் சேர்ந்து எடுத்த முடிவு இல்லையா?

நம் ஊரில் இதில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அப்பாவைக் கூட்டிவரும் மகன். "அப்பா எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் பதில் மகனிடமிருந்து வரும். ஒரு கட்டத்தில் டாக்டரும் மகனைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுவார், அப்பா சுவரில் உள்ள போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். குடும்பம் கூட இருப்பது நல்லதுதான். வீட்டில் உப்பைக் குறைக்க வேண்டியவர் பெரும்பாலும் நோயாளி அல்ல, சமைப்பவர். ஆனாலும் மாத்திரையை விழுங்க வேண்டியவர் அப்பாதான். "தம்பி, ஒரு நிமிஷம், ஐயாவே சொல்லட்டும்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது மரியாதைக் குறைவாகாது. மகன் முன்னால் சொல்ல முடியாத விஷயமும் சிலருக்கு உண்டு.

பேச்சால் சுகர் குறையுமா என்று கேட்டால்

குறையலாம். ஷெல்டன் கிரீன்ஃபீல்டு என்ற டாக்டரின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அதில் டாக்டர்களைத் திருத்தப் போகவில்லை, நோயாளிகளைத் தயார் செய்தார்கள். சர்க்கரை நோயாளிகளை டாக்டரிடம் அனுப்பும் முன் இருபது நிமிடம் உட்காரவைத்து, அவர்களுடைய மருத்துவக் குறிப்பை அவர்களுக்கே விளக்கி, என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், கூச்சத்தை எப்படி விடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பயிற்சியில் மருந்து எதையும் மாற்றவில்லை. சில மாதங்களில் அவர்களுடைய மூன்று மாத சராசரி அளவு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி இறங்கியது. அப்படிப் பயிற்சி பெறாதவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை.

டாக்டரின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 29 டாக்டர்களின் பரிவை அளந்து, அவர்களிடம் வரும் 891 சர்க்கரை நோயாளிகளின் நிலையோடு ஒப்பிட்டு, 2011-இல் வெளியிட்டார்கள். பரிவு மிகுந்த டாக்டர்களின் நோயாளிகளில் 56 சதவீதம் பேருக்குச் சுகர் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. பரிவு குறைந்தவர்களிடம் 40 சதவீதம். இதை வைத்துப் பரிவுதான் சுகரைக் குறைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய வித்தியாசம்தான்.

இந்தியாவில் டாக்டர்களுக்கு நோயாளியிடம் பேசுவது எப்படி என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தது வெகு காலம் கிடையாது. சீனியர் பேசுவதைப் பார்த்து ஜூனியர் பழகிக்கொள்வார், திட்டுவது உட்பட. 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து நடத்தை, நெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்த வகுப்புகள் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே அக்கறையோடு நடக்கும் என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அப்பாவித்தனம் இல்லை. ஆனால் பாடமாக இருப்பதே ஒரு மாற்றம்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் அதைச் சொல்கிறோம். வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர். "என்னக்கா, போன மாச அட்டை அப்படியே இருக்கு?" என்று அவரால் கேட்க முடியும். டாக்டரிடம் "போடுறேன் சார்" என்று சொன்னவர், இவரிடம் "வயித்தைப் புரட்டுதும்மா" என்று சொல்லிவிடுவார். மெட்ஃபார்மின் மாத்திரைக்கு ஆரம்பத்தில் அப்படி ஆவது உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தகவல் தன்னார்வலரிடமிருந்து டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வழி எந்த ஊரில் திறந்திருக்கிறதோ அங்கேதான் முழுப் பலன்.

பேச்சால் தீராதவையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கையில் காசு இல்லாதவருக்கு விலை கூடிய மருந்தை எவ்வளவு அன்பாக எழுதிக்கொடுத்தாலும் வாங்க முடியாது. ரேஷன் அரிசியை நம்பி இருக்கும் வீட்டில் "சோறு வேண்டாம், பழம் சாப்பிடுங்க" என்பது வெறும் வார்த்தை. நம் டிரைவருக்குக்கூட வழியில் சுத்தமான கழிப்பறை இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. நல்ல பேச்சு இவற்றைத் தீர்க்காது. இவை இருக்கின்றன என்று டாக்டருக்குத் தெரியப்படுத்தும், அதற்கேற்ப வைத்தியத்தை மாற்ற வைக்கும்.

டாக்டர் மாறும் வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம், பாதி தீர்ந்தது, தொடாதது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாலே டாக்டருக்குப் பாதி கதை புரிந்துவிடும். கேட்க வேண்டியதை முந்தின நாள் இரவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முக்கியமான பிரச்சினை என்ன, நான் என்ன செய்ய வேண்டும், அதைச் செய்வது ஏன் முக்கியம் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் எழுந்து வராதீர்கள். பெரிய கவலை எதுவோ அதை உட்கார்ந்ததும் முதலில் சொல்லிவிடுங்கள், செருப்பு மாட்டும்போது வேண்டாம். ரம்ஜான் நோன்பு, சபரிமலைக்கு மாலை, நைட் ஷிஃப்ட் என்று சாப்பாட்டு நேரத்தை மாற்றும் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுப்பார்கள். ஒரு மருந்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்திவிட்டுச் சொல்லாமல், நிறுத்தும் முன் சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்க விட்டுப்போனதை நர்ஸிடமோ மருந்து கொடுப்பவரிடமோ கேட்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால் தமிழகத்தில் 104-க்குக் கூப்பிட்டு மருத்துவ ஆலோசனை கேட்கும் வசதியும் இருக்கிறது.